செய்திமடலில் ஒரு காலிக் கட்டம்

எங்கள் ஊர் அரிமா சங்கத்தின் (லயன்ஸ் கிளப்) மாதச் செய்திமடலை ஒன்பது வருஷமாக நான்தான் தயாரிக்கிறேன். அச்சகம் வைத்திருப்பவன் சங்கத்தில் சேர்ந்தால் அவன் தலையில் வேறு என்ன விழும்? நான்கே பக்கம். முதல் பக்கத்தில் தலைவரின் செய்தியும் படமும். இரண்டாம் பக்கம் 'நடந்தவை'. மூன்றாம் பக்கம் 'நடக்க இருப்பவை'. கடைசிப் பக்கத்தில் அந்த மாதம் பிறந்தநாள், மணநாள் வருகிற உறுப்பினர்களின் பட்டியல், அதற்குக் கீழே விளம்பரம் தந்த ஜவுளிக்கடை. இரண்டாம் பக்கத்தின் மூலையில் மட்டும் கோடு போட்ட ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'இம்மாதக் கண் தானம்' என்று தலைப்பு. இறந்தவரின் பெயர், வயது, தெரு, சம்மதம் தந்த குடும்பத்துக்கு ஒரு வரி நன்றி, அவ்வளவுதான். யாரும் தராத மாதத்தில் 'இல்லை' என்று போடுவோம். கட்டத்தை எடுத்துவிடக் கூடாது என்பது சங்கத்தின் மூத்த உறுப்பினர் அண்ணாச்சியின் கட்டளை. "காலியா கெடந்தாத்தான் தம்பி நமக்கு உறைக்கும்" என்பார்.

இந்த ஜூன் மடலில் அந்த 'இல்லை'யை நான்தான் அடித்தேன். அதே மடலின் கடைசிப் பக்கத்தில், பிறந்தநாள் பட்டியலுக்கு மேலே, ஓர் இரங்கல் செய்தியையும் நான்தான் அடித்தேன். அது என் அம்மாவுக்கு. இரண்டையும் ஒரே ராத்திரியில் அடித்துவிட்டு, பிளேட் போடச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஆகஸ்ட் மடலுக்காகப் பழைய ஃபைலைத் திறந்தபோதுதான் இரண்டும் ஒன்றாகக் கண்ணில் பட்டன. அன்றிலிருந்து அந்த 'இல்லை' என்னை விடமாட்டேன் என்கிறது. இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

போஸ்டர் அடிப்பவனுக்குத்தான் முதலில் தெரியும்

ஊரில் ஒருவர் இறந்தால் பந்தல்காரருக்கும் ஐஸ் பெட்டிக்காரருக்கும் அடுத்தபடியாக அச்சகத்துக்குத்தான் ஆள் வரும். 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர். விடியற்காலை நாலு மணிக்கும் போன் அடிக்கும். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணே, ஏழு மணிக்குள்ள ஒட்டணும்" என்பார்கள். ஆக, துக்கச் செய்தி எனக்குச் சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே வந்துவிடும். இதைக் கவனித்தவர் அண்ணாச்சி. பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், சங்கத்தில் முப்பது வருஷமாக இருக்கிறார், தலைவர் பதவியை ஒரே ஒரு தடவை வகித்துவிட்டு இனிமேல் வேண்டாம் என்று ஒதுங்கியவர். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கடைக்கு வந்து, "தம்பி, போஸ்டர் ஆர்டர் வந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு, போதும்" என்றார். மிஸ்டு கால் கொடுத்துக் கொண்டிருந்தவன் ஆறே மாதத்தில் அவருடைய பைக்கின் பின்சீட்டில் ஏறிவிட்டேன்.

கண் தானத்தைப் பற்றிப் பாதிப் பேருக்குத் தெரிந்ததை நான் மறுபடி விளக்க வேண்டியதில்லை. ஆனால் துக்க வீட்டு வாசலில் நிற்பவனுக்கு வேண்டிய கணக்கு வேறு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மதுரையிலிருந்து கண் வங்கிக் குழு எங்கள் ஊருக்கு வர ஒன்றேகால் மணி நேரம். எடுப்பதற்கு இருபது நிமிஷம். ஆக, சம்மதம் வாங்க நமக்குக் கிடைப்பது அதிகம் போனால் நாலு மணி நேரம். அதிலும் நமக்குத் தகவல் வரும்போதே இரண்டு போயிருக்கும். அதனால் அண்ணாச்சி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது மேலே சுற்றுகிற ஃபேனை. யாரிடமாவது சொல்லி அதை நிறுத்துவார். காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும். அப்புறம் இமை மூடியிருக்கிறதா என்று பார்ப்பார், தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைக்கச் சொல்வார், ஈரப் பஞ்சு வைக்கச் சொல்வார். இவ்வளவும் கேட்பதற்கு முன்னாலேயே. கேட்டு மறுத்துவிட்டால்? "ஃபேன் நின்னதுல யாருக்கு என்ன நட்டம்" என்பார்.

கேட்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. இறந்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கவே மாட்டார். வாசலில் பந்தலுக்கும் சேருக்கும் ஓடிக் கொண்டிருக்கிற மாப்பிள்ளை யார், காலேஜ் படிக்கிற பேரன் யார் என்று பார்த்து, அவரை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போவார். செருப்பைக் கழற்ற மாட்டார், உட்கார மாட்டார். 'தானம்' என்ற வார்த்தையே வராது. "ரெண்டு பேருக்குப் பார்வை கெடைக்கும் மாப்ள. முகம் அப்படியே இருக்கும். நீங்க உள்ள ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்பதோடு சரி. அப்புறம் அங்கேயே நிற்பார். சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் மாலை வாங்கிப் போட்டுவிட்டு, சுடுகாடு வரைக்கும் நடந்து போவார். 'கேட்டுட்டு ஓடிட்டான்' என்று பேர் வந்துவிடக் கூடாது அவருக்கு.

மறுப்பதற்கு ஜனங்கள் சொல்கிற காரணங்கள் நாலைந்துதான். அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறந்துவிடுவார். கண்ணைத் தோண்டிவிட்டால் முகம் விகாரமாகிவிடும். அவருக்குச் சர்க்கரை, ஏற்கெனவே கண்புரை ஆபரேஷன் ஆயிருக்கு, இந்தக் கண் யாருக்கு ஆகும். எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் தயார். இப்போதெல்லாம் பெரும்பாலும் கண்ணின் முன்பக்கத்தில் கடிகாரக் கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழியை மட்டும்தான் எடுக்கிறார்கள். சர்க்கரை இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும், புரை எடுத்திருந்தாலும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி மாதிரி சிலவற்றில் மட்டும்தான் ஆகாது. அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக் கொள்கிறார்கள். பிறவிக் கேள்விக்கு மட்டும் என்னுடைய மேடைப் பேச்சு நண்பர்கள் கண்ணப்ப நாயனாரை இழுப்பார்கள். கண்ணப்பரை இழுக்காத கண் தான மேடையை நான் பார்த்ததே இல்லை. துக்க வீட்டில் அது எடுபடாது. அங்கே டீச்சர்தான் எடுபடுவார்.

டீச்சர் எங்கள் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர், ரிட்டயர் ஆன தலைமையாசிரியை. உலக அளவில் அரிமா சங்கங்கள் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1987இல். அது எங்கள் ஊருக்கு வந்து சேர மேலும் பல வருஷம் ஆயிற்று. வாசலில் ஆண்கள் சரி என்று சொன்ன பிறகும் உள்ளே பெண்கள் அழுது மறுத்துவிட்ட வீடுகள் எங்களுக்கு நிறைய. எங்களால் உள்ளே போக முடியாது. டீச்சர் நேராக நடுவீட்டுக்குப் போய், பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து, கட்டிக்கொண்டு அழ வேண்டியவரைக் கட்டிக்கொண்டு அழுது, அரை மணி கழித்து எழுந்து வந்து வாசலில் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். ஒன்பது வருஷத்தில் அந்தச் சின்னக் கட்டத்தில் ஏறிய பெயர்களில் பாதி அவர் உள்ளே உட்கார்ந்து வாங்கியவை. மடலில் 'நமது முயற்சியால்' என்று போடுவேன். இதுவும் உறுத்துகிற ஒன்றுதான்.

ஆயிரம் படிவங்கள்

இங்கே என் பழைய கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கண் தான இருவாரத்தில், அதாவது ஆகஸ்ட் 25லிருந்து செப்டம்பர் 8க்குள், ஒரு கல்லூரியில் ஒரே நாளில் ஆயிரம் உறுதிமொழிப் படிவம் வாங்கினோம். படிவத்தை அடித்ததும் நான்தான், இலவசமாக. மேடை, ஃபிளெக்ஸ், அரிமா மாவட்ட ஆளுநர் வருகை, எல்லாம் தடபுடல். மாதாந்திர அறிக்கையில் 'பயன்பெற்றோர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஆயிரம் என்று ஏறியது. அதே மாதம் ராத்திரி ஒரு மணிக்குப் போய் அண்ணாச்சி வாங்கிய ஒரு ஜோடிக் கண்ணுக்கு அதே கட்டத்தில் ஏறியது இரண்டு. ஆயிரத்துக்குக் கேடயம் கிடைத்தது.

அந்த ஆயிரம் பேரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். நல்லபடியாக இருந்து எண்பது வயதில் போகட்டும். அறுபது வருஷம் கழித்து, இன்னொரு ஊரில், அந்தப் பிள்ளையின் பேரனுக்கு இப்படி ஒரு படிவம் இருப்பது எப்படித் தெரியும்? படிவக் கட்டுகள் இப்போது என் குடோனில், பழைய காலண்டர் அட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு சாக்கில் கிடக்கின்றன. படிவம் இருந்தாலும் நடைமுறையில் வீட்டார் சம்மதிக்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். படிவமே இல்லாமல் வீட்டார் சரி என்றால் குழு கிளம்பி வந்துவிடும். ஆக, காரியம் நடப்பது அந்த நாலு மணி நேரத்தில், வேப்ப மரத்தடியில். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் நம் சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில்தான் தொடங்கியது. இத்தனை வருஷம் கழித்தும் நாம் படிவத்தில் நிற்கிறோம் என்று கூட்டத்தில் நான் எகிறினேன். எங்கள் சங்கத்தில் டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி உண்டு. கூட்டம் இறுக்கமாகிவிடாமல் பார்த்துக் கொள்வதும், பேட்ஜ் போடாதவரிடம், தாமதமாக வந்தவரிடம் அபராதம் வசூலிப்பதும் அவர் வேலை. 'கோபப்பட்டதற்கு' என்று என்னிடம் இருபது ரூபாய் வாங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இதெல்லாம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வீதி வீதியாகப் போய்க் கேட்டவன், படிவத்தால் பிரயோசனமில்லை என்று சண்டை போட்டவன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை இருந்தது, ஜூன் மாதம் வரைக்கும்.

நாலு பத்து

அம்மா போனது அதிகாலை நாலு பத்துக்கு. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் மணி பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில்தான் இருந்தார். மூன்று மாதமாகப் படுக்கை. மூச்சு இழுத்து இழுத்து நின்றதும் அக்கா நெஞ்சில் விழுந்து அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. இமைகளை மூடிவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் சங்கம் பள்ளிக்கூடத்தில் நடத்துகிற முகாமில்தான் கண்டுபிடித்தார்கள். மற்றவர்களோடு வேனில் ஏறி மதுரைக்குப் போய், லென்ஸ் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். அதற்கப்புறம் ஊசியில் நூல் கோப்பதை ஒரு வித்தை மாதிரி எல்லோருக்கும் செய்து காட்டுவார்.

ஃபேனை நிறுத்தியாயிற்று, இமையை மூடியாயிற்று. அடுத்து போன்தான். நம்பர் என் போனில் முதல் வரிசையில் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு அச்சகத்துப் பையன் போட்டோ கேட்டான், அனுப்பினேன். அரை மணியில் போஸ்டர் ப்ரூஃப் வந்தது. 'இயற்க்கை எய்தினார்' என்று அடித்திருந்தான். ஒரு 'க்'கை எடுக்கச் சொன்னேன். அம்மாவின் சாவுப் போஸ்டரில் ஒற்றுப்பிழை பார்க்க முடிந்த எனக்கு ஒரு போன் போட முடியவில்லை.

ஏன் என்று இந்த இரண்டு மாதத்தில் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். அடுத்த பிறவி பயமா? எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. முகம் மாறிவிடும் என்றா? எத்தனையோ முகங்களை அதற்கு அப்புறமும் பார்த்திருக்கிறேன், ஒன்றும் மாறாது. ஊர்க்காரர்கள் சொல்கிற நாலைந்து காரணத்தில் ஒன்றுகூட அன்றைக்கு என் மனதில் வரவில்லை. வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அம்மாவை இனிமேல் யாரும் எதுவும் செய்ய வேண்டாம், விட்டுவிடுங்கள் என்பது மாதிரி ஏதோ ஒன்று. மூன்று மாதம் ஊசி, டியூப், டயபர் என்று ஆளாளுக்குத் தொட்டாயிற்று. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட யாராவது பேசிக் கரைத்திருப்பார்கள். நான் சொல்லவும் இல்லை, என்னிடம் கேட்க யாரும் வரவும் இல்லை.

அண்ணாச்சி ஏழு மணிக்கு வந்தார். மாலையை வைத்துவிட்டு, மேலே ஃபேனைப் பார்த்தார். நின்றிருந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே பந்தலில் பிளாஸ்டிக் சேரில் போய் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தார் என்பதைக் கவனியுங்கள். துக்க வீட்டில் உட்காராத மனிதர். ஐஸ் பெட்டி வந்தது. பெரியப்பா வீட்டு ஆட்கள் வந்தார்கள். எட்டு மணி, ஒன்பது மணி. நான் வாசலுக்கு வரும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. டீச்சர் வந்து உள்ளே அக்காவோடு உட்கார்ந்திருந்தார். அவரும் பேசவில்லை. பத்து பத்துக்கு நான் தற்செயலாக மாதிரி வாசலுக்கு வந்தேன். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை இழுத்து அதன் மேல் விட்டுக்கொண்டார். அதற்கப்புறம் பாடையைத் தூக்கும்வரை அவர் மணி பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு பெயிண்ட் கடைக்குப் போய் நேராகவே கேட்டேன். "அண்ணாச்சி, ஏன் என்கிட்ட நீங்க கேக்கல?"

டப்பாவை ஆட்டும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஃபேன் நின்னுருந்திச்சி. நீ போன் போட்டுட்டன்னு நெனச்சேன் தம்பி. வண்டி வரும் வரும்னுதான் உக்காந்திருந்தேன். ஒம்பது மணிக்கு மேலதான் வராதுன்னு தெரிஞ்சுச்சி. அப்ப, ஒனக்கு வேணாம்னு இருக்கு போலன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒன்கிட்டப் போய் நான் என்னத்தச் சொல்லிக் கேக்க? எல்லாம் நீ சொல்றதுதான" என்றார்.

அதைவிட மோசம் அக்கா சொன்னது. ஆடி பிறந்து ஒரு நாள், அம்மாவின் பீரோவை ஒழித்துக் கொண்டிருந்தோம். நான் இந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அம்மாவின் கறுப்புக் கண்ணாடி கையில் வந்ததும் அவளாகவே கேட்டாள். "ஏண்டா, ஊரெல்லாம் போயி வாங்குற. அம்மா கண்ணை ஏன் குடுக்கல? ஆகாதுன்னுட்டாங்களா?" நீ அழுதுகிட்டிருந்த, உன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு இருந்தேன் என்றேன். "அழத்தான் செய்வேன். கேட்டா வேணாம்னா சொல்லியிருப்பேன்? அம்மாதான் அப்பவே கையெழுத்துப் போட்டாளே" என்றாள். எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. மறுநாள் குடோனில் தேடினேன். ஆயிரம் படிவச் சாக்கில் இல்லை. அதற்கு முந்தைய கட்டில், நான் முதன்முதலாகப் படிவம் அடித்த வருஷத்தின் மாதிரிப் பிரதிகளோடு இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் போட்ட கையெழுத்து போல, கோட்டுக்கு மேலே கோணிக்கொண்டு ஏறியிருந்தது. சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.

கதவைத் தட்டுவது

அரிமா சங்கங்கள் ஏன் கண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பதவியேற்பு விழாவில் எல்லா வருஷமும் சொல்கிற கதைதான். 1917இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்கிற இன்சூரன்ஸ்காரர் தொடங்கி வைத்த அமைப்பு. 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் சீடர் பாயிண்ட் என்ற இடத்தில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். பார்வையும் செவியும் இல்லாதவர். மூன்று நாளைக்கு முன்னால்தான் நாற்பத்தைந்து வயது முடிந்திருந்தது. வாய்ப்பு என்பவள் ஒவ்வொரு கதவையும் ஒரே ஒரு தடவைதான் தட்டுவாள், திறக்காவிட்டால் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள் என்று ஒரு கதையில் தொடங்கி, அந்த வாய்ப்பு நான்தான், உங்கள் கதவைத் தட்டுகிறேன் என்று பேசினார். பார்வையற்றோருக்காக இருட்டோடு போராடும் வீரர்களாக நீங்கள் வருவீர்களா என்று கேட்டார். அன்றைக்கு எடுத்துக்கொண்ட வேலையைத்தான் இன்று வரைக்கும் எல்லா ஊரிலும் அரிமாக்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கதையை மடலில் நானே நாலு தடவை எழுதியிருக்கிறேன். எப்போதும் 'வீரர்கள்' என்ற இடத்தில்தான் அழுத்தம் கொடுப்பேன். கேட்கிற சபையும் அங்கேதான் கை தட்டும். இந்தத் தடவை படித்தபோது எனக்குப் பட்டது, அந்த அம்மா கூச்சப்படாமல் போய்க் கேட்டார் என்பதுதான். எங்கள் மாதிரி சங்கங்களுக்குக் கொடுத்துத்தான் பழக்கம். நோட்டுப் புத்தகம் கொடுப்போம், நீர்மோர் கொடுப்போம், தையல் மெஷின் கொடுப்போம். புரை முகாமுக்கு ஜனங்கள் தாமாக வருவார்கள், நாம் சாப்பாடு போட்டு வேன் ஏற்றிவிடலாம். கொடுக்கிறவன் கை மேலேதான் இருக்கும். கண் தானத்தில் மட்டும் நாம் போய்க் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறது, அதுவும் எழவு விழுந்த வீட்டில், மாலையை இன்னொரு கையில் வைத்துக்கொண்டு. அந்தக் கூச்சத்துக்குத்தான் படிவம் ஒரு நல்ல மறைப்பு. இருபது வயதுப் பிள்ளையிடம் கேட்பதில் கூச்சமே இல்லை, செல்ஃபியோடு முடிந்துவிடும். படிவத்தைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கும் ஒரு மறைப்பு இருந்தது. அடுத்தவர் வீடு என்பதால்தான் என்னால் கேட்க முடிந்தது. என் வீட்டில் கேட்க எனக்கு ஓர் அண்ணாச்சி வேண்டியிருந்தது. அண்ணாச்சி வீட்டுக்கு யார் போவது? டீச்சர் வீட்டுக்கு? நாங்கள் இருபத்தெட்டு உறுப்பினர்கள். ஒருவர் வீட்டைப் பற்றியும் ஒருவருக்கும் தெரியாது.

நடக்க இருப்பவை

ஆகஸ்ட் முதல் கூட்டத்தில் இதைப் பேசினேன். இந்தத் தடவை எகிறவில்லை. அம்மாவின் படிவத்தைக் கொண்டு போயிருந்தேன். காட்டலாமா வேண்டாமா என்று கடைசிவரை யோசித்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். புதுத் தலைவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார், நல்ல பையன், ஆனால் அவருக்கும் கேடயம் வேண்டும். கல்லூரி நிகழ்ச்சியை விட மாட்டேன் என்றார். ஐந்நூறு படிவமாவது வாங்கலாம் என்றார். சரி என்றேன். படிவத்தில் ஒரே ஒரு மாற்றம் கேட்டேன்: கையெழுத்துக்குக் கீழே 'இதை வீட்டில் யாரிடம் சொன்னேன்' என்று ஒரு கோடு. அதை நிரப்பாத படிவத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது மட்டும் சட்டென்று நிறைவேறியது. அநேகமாக அதற்குச் செலவில்லை என்பதால்.

ஆகவே இந்த மாத மடலின் மூன்றாம் பக்கம் இப்படி வருகிறது. ஆகஸ்ட் 25ஆம் தேதி காலை கல்லூரியில் இருவாரத் தொடக்கம். 31ஆம் தேதி மாலை பெயிண்ட் கடை மாடியில், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற நாலு பேர், அமரர் ஊர்தி டிரைவர்கள், பந்தல்காரர்கள், மற்ற இரண்டு அச்சகக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு டீயும் வடையும். ஃபேனை நிறுத்துவதும் மிஸ்டு கால் கொடுப்பதும்தான் பேச்சு. இதற்கு ஃபிளெக்ஸ் கிடையாது. செப்டம்பர் 8ஆம் தேதி நிறைவு நாளில் கண் கொடுத்த குடும்பங்களைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். "அவங்க வீட்டுக்கு நாம போகலாம்" என்றார். அக்டோபர் இரண்டாம் வியாழக்கிழமை உலகப் பார்வை தினம், அதையொட்டிப் பள்ளிக்கூடத்தில் வழக்கமான புரை முகாம். நவம்பர் 14 நீரிழிவு தினத்துக்கு இலவச ரத்தப் பரிசோதனை. மழை வந்தால் மரக்கன்று, அது தலைவருக்கு விட்டது.

மடலில் வராத ஒன்றும் உண்டு. இருபத்தெட்டுப் பேரையும் சீட்டுப் போட்டோம். உன் வீட்டில் ஏதாவது நடந்தால் யார் வந்து கேட்க வேண்டும் என்று அந்தந்தச் சீட்டில் ஒரு பெயர். டெயில் ட்விஸ்டருக்குக்கூட அன்றைக்கு ஜோக் வரவில்லை. சிலர் சிரித்தார்கள், இரண்டு பேர் இது அபசகுனம் என்று எழுந்து போய்விட்டார்கள். போனவர்கள் சீட்டையும் அண்ணாச்சியே எடுத்து வைத்துக்கொண்டார். என் சீட்டில் டீச்சர் பெயர் வந்தது. அண்ணாச்சி சீட்டில் என் பெயர்.

நேற்று இதைப் பாதி எழுதி வைத்துவிட்டுத் தூங்கியிருந்தேன். ரெண்டரைக்குப் போன். கீழத்தெருவில் ஒரு பெரியவர். அவர் பேரன் போல, குரல் அடைத்திருந்தது. போட்டோ அனுப்பியிருக்கேண்ணே, கலர்ல எழுபத்தஞ்சு காப்பி, ஏழு மணிக்குள்ள வேணும் என்றான். பெயர், வயது, மகன்கள் பெயர் எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான். நான் பேனாவை எடுக்கவில்லை.

"அதெல்லாம் அப்புறம் சொல்லு தம்பி. எத்தனை மணிக்குத் தவறினாங்க? ஃபேன் ஓடுதா?"